கிள்ளானைக் காய்ச்சலில் இருந்து மீட்ட மால்கம் வாட்சன்

தினமும் காலையில் கிள்ளானில் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். பொருளாதாரம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. சென்ற பருவத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒரு கேள்வியைக் கொடுத்தார். மக்கள் ஆரோக்கியமாக இருப்பதால் ஒரு வட்டாரம் வளர்கிறதா, வட்டாரம் வளர்வதால் மக்கள் ஆரோக்கியம் அடைகிறார்களா? பதிலுக்கு ஓர் உதாரணம் கொண்டு வர வேண்டும்.

எல்லாரும் ஆப்பிரிக்காவைத் தேடினோம். நானும்தான். தேடிக்கொண்டே போனதில், நான் தினமும் ஏறும் ரயிலின் கடைசி நிலையத்துக்கே வந்து சேர்ந்தேன். கிள்ளான் துறைமுகம். அங்கே எனக்கு அறிமுகமானவர் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர். பெயர் மால்கம் வாட்சன்.

எஸ்பிஎம் வரலாற்றுப் பாடத்தில் ஈயமும் ரப்பரும் ரயில் பாதையும் படித்திருப்பீர்கள். ஈய வயல்கள், அதனால் ரயில், ரயிலால் துறைமுகம், துறைமுகத்தால் வளர்ச்சி என்று அந்தக் கதை அம்புக்குறி போட்டது போல நேராகப் போகும். 1886-ல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக மாறியது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே நிறைந்தார்கள். பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாததால் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் புதிய துறைமுகம் கட்டினார்கள். அதற்குப் பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரை வைத்தார்கள். 1901 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. இதுவரை பாடநூலில் உண்டு.

திறந்த சில வாரங்களில் நடந்தது பாடநூலில் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். குளிர், நடுக்கம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறும் சூடு. நம் ஆட்கள் முறைக்காய்ச்சல் என்று சொன்ன மலேரியா அது. கப்பல் வந்து நிற்கும், சரக்கு இறக்க ஆள் இருக்காது. பெரும் பணம் செலவழித்துக் கட்டிய துறைமுகத்தைத் திறந்த கையோடு மூடிவிடலாமா என்ற பேச்சு அரசாங்கத்திலேயே எழுந்தது.

வாட்சன் அந்த ஆண்டு ஜனவரியில்தான் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்தார். 1873-ல் பிறந்தவர், கிளாஸ்கோவில் மருத்துவம் படித்தவர். அப்போது அவருக்கு வயது 27. என்னைவிட ஏழு வயதுதான் கூட என்று நினைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் வந்தபோது கிள்ளான் பட்டணத்தின் மக்கள்தொகை 3,576. அந்தச் சிறிய ஊரிலும் பக்கத்துத் துறைமுகத்திலும் சேர்த்து 1901-ல் மட்டும் 582 பேர் இறந்தார்கள். அதில் 368 பேர் இறந்தது காய்ச்சலால். ஒரு தெருவில் எத்தனை வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மலேரியா எப்படிப் பரவுகிறது என்பது அப்போதுதான் தெரிய வந்திருந்தது. இந்தியாவின் அல்மோராவில் பிறந்த ரொனால்ட் ரோஸ், 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன்பு சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்றுதான். ரோஸின் கண்டுபிடிப்புக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. கொசுவை ஒழித்து ஓர் ஊரைக் காப்பாற்ற முடியுமா என்று பல மருத்துவர்களே சந்தேகப்பட்டார்கள்.

வாட்சன் கொய்னா மருந்து கொடுத்துப் பார்த்தார். மருத்துவமனைக் கட்டில்கள் காலியாகவில்லை. குணமாகிப் போனவர் அடுத்த மாதம் திரும்பி வந்தார். பிறகு அவர் ஊரைச் சுற்றி நடந்தார். எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், அந்த வீட்டுக்கு அருகில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். காடும் சதுப்பும் ஒட்டியிருந்த வீடுகளில்தான் நோயாளிகள் குவிந்திருந்தார்கள். சதுப்பை வடிய வைக்க வேண்டும், குட்டைகளைத் தூர்க்க வேண்டும், ஊரை ஒட்டிய புதர்க்காட்டை வெட்ட வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதபடி மண்கரை கட்டி, உள்ளே கால்வாய் வெட்டச் சொன்னார். சிலாங்கூரின் தலைமை மருத்துவராக இருந்த டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். அரசாங்கம் பணம் கொடுத்தது. 1905 முடிய இரண்டு இடங்களுக்கும் சேர்த்துச் சுமார் பத்தாயிரம் பவுண்டு செலவாயிற்று.

இனி எண்கள். எண்கள் என்றால் சலிப்பவர்களும் இந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டாம். 1901-ல் 368 ஆக இருந்த காய்ச்சல் மரணம் 1902-ல் 59 ஆனது. 1905-ல் 45. கிள்ளான் பட்டணத்திலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1901-ல் 334 பேர், 1905-ல் 12 பேர். துறைமுகத்திலிருந்து சேர்ந்தவர்கள் 188 பேர். 1905-ல் அங்கிருந்து ஒருவர்கூட வரவில்லை.

பொருளாதார மாணவனாக என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னோர் எண். அரசாங்க ஊழியர்கள் மலேரியாவால் எடுத்த மருத்துவ விடுப்பையும் வாட்சன் கணக்கெடுத்திருக்கிறார். 1901-ல் 1,026 நாள். 1905-ல் 30 நாள். ஓர் ஊரின் வேலைநாட்கள் எங்கே தொலைந்துகொண்டிருந்தன, எப்படித் திரும்பி வந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? துறைமுகத்தை மூடும் பேச்சு அடங்கியது. சிலாங்கூரின் ஈயமும் பின்னர் ரப்பரும் அந்த வழியாகத்தான் உலகத்துக்குப் போயின.

ஆனால் வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். அந்த ஆண்டுகளில் காய்ச்சல் தானாகவே குறைந்திருந்தால்? மழை குறைந்து கொசுவும் குறைந்திருந்தால்? நியாயமான கேள்வி. வாட்சனிடம் அதற்கும் பதில் இருந்தது. கால்வாய் வெட்டாத, கிள்ளான் மாவட்டத்தின் மற்ற பகுதிகளின் கணக்கையும் அவர் வைத்திருந்தார். அங்கே காய்ச்சல் மரணம் 1901-ல் 266, 1905-ல் 351. ஒரே மாவட்டம், ஒரே மழை. வெட்டிய இடத்தில் மரணம் சரிந்தது, வெட்டாத இடத்தில் ஏறியது. வேலை நடந்த இடத்தையும் நடக்காத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறையை இன்று எங்களுக்கு ஒரு பாடமாகவே நடத்துகிறார்கள். அதை அவர் நூறு ஆண்டுக்கு முன்பே செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த 351 பேர் யார்? பட்டணத்துக்கு வெளியே புதிதாகக் காடு வெட்டி ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். அரசாங்க அலுவலகமும் துறைமுகமும் இருந்த இடத்துக்குக் கால்வாய் உடனே வந்தது. லயங்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. எண்கள் தானாகப் பேசும் என்பார்கள். இந்த இடத்தில் அவை பேசுவது எனக்குக் கேட்கத்தான் செய்தது.

வாட்சன் அதோடு நிற்கவில்லை என்பதால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன். சில ஆண்டுகளில் அரசாங்கப் பணியை விட்டுவிட்டுத் தோட்டங்களின் மருத்துவரானார். தோட்டம் தோட்டமாகப் போய், லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி இருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தில் நோய் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை வேண்டாம், கருவி வேண்டாம். கை போதும். தாழ்வான கடலோரத் தோட்டங்களில் லயத்தைச் சுற்றி அரை மைல் தூரத்துக்குக் காட்டை வெட்டி நீரை வடித்துவிட்டால் நோய் அடங்குகிறது என்று இப்படித்தான் கண்டறிந்தார்.

அதே மருந்தை மலைப்பாங்கான தோட்டங்களில் போட்டபோது எதிர்மாறாக நடந்தது. காட்டை வெட்டினார்கள், நீரை வடித்தார்கள், மலேரியா கூடியது. அறிவியல் படிக்கும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். கடலோரத்தில் நோய் பரப்பியது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு. அதற்கு நிழலும் தேங்கிய தண்ணீரும் வேண்டும். காடு போனால் அதுவும் போய்விடும். மலையில் இருந்தது அனோபிலிஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வேண்டியது வெயில் படும், தெளிந்த, ஓடும் ஊற்று நீர். காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் இருந்தன. ரப்பர் நடக் காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது. கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போல ஆயிற்று.

என் விரிவுரையாளரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் இதுதான். வளர்ச்சி எப்போதும் ஆரோக்கியத்தைக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் வளர்ச்சியே நோயைக் கொண்டுவந்தது. ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது 1910-ல். அடுத்த ஆண்டு, 1911-ல், கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்த சுமார் 143,000 தொழிலாளர்களில் 9,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரத்துக்கு 60-க்கும் அதிகம். வயதானவர்கள் அல்லர். கடல் தாண்டி வேலைக்கு வந்த இளைஞர்களும் இளம் பெண்களும்தான் பெரும்பாலும். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது என்று பெருமையாகப் படிக்கிறோம். அந்தப் பாதிக்குள் இந்தக் கணக்கும் இருக்கிறது.

மலைத் தோட்டங்களுக்கு வாட்சன் வேறு வழி தேடினார். ஓடும் ஊற்றை மண்ணுக்குக் கீழே குழாய் பதித்து அதற்குள் ஓட விட்டார். வெயில் படாத தண்ணீரில் மாக்குலேட்டஸ் முட்டையிட வழியில்லை. இதை முதலில் செய்து பார்த்த தோட்டங்களில் ஒன்று பத்து தீகாவுக்கு அருகே இருந்த சீபீல்ட் தோட்டம். அந்தத் தோட்டத்து நிலம்தான் பிற்காலத்தில் சுபாங் ஜெயா. இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர் இப்போது அங்கே கல்லூரியில் படிக்கிறீர்களோ! குழாய்க்குச் செலவு அதிகம் என்பதால் 1914-க்குப் பிறகு ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறை பரவியது. தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழுவால் மூச்சு விட முடியாது.

எந்த ஊரில் எந்தக் கொசு நோய் பரப்புகிறதோ அதன் வாழ்க்கையை அறிந்து அதற்கு மட்டும் வைத்தியம் செய்யும் இந்த முறை பின்னர் உலகெங்கும் பேசப்பட்டது. சிங்கப்பூர் 1911-ல் அவருடைய யோசனையைக் கேட்டது. அதே ஆண்டு, கூட்டரசு மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1924-ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. பிறகு லண்டனில் ரோஸ் பெயரில் அமைந்த கழகத்தில் மலேரியாப் பிரிவை நடத்தினார்.

இங்கே கற்றதை அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்றைய ஜாம்பியாவின் லுவான்ஷியாவில் ரோன் ஆன்டிலோப் என்ற செம்புச் சுரங்கம் 1929-ல் தள்ளாடிக்கொண்டிருந்தது. வந்த தொழிலாளர்கள் செத்தார்கள் அல்லது ஓடினார்கள். ஆற்றில் ஒரு பெரிய பாம்பு குடியிருக்கிறது, அது ஆள்களைக் கொல்கிறது என்று அங்குள்ள மக்கள் நம்பினார்கள். நம் தோட்டங்களில் முனி அடித்தது என்று சொன்னதைப் போலத்தான். வாட்சனின் குழு சதுப்பை வடித்து ஆற்றை ஒழுங்குபடுத்தியது. பாம்பு போனதோ இல்லையோ, காய்ச்சல் போனது. அந்தச் செம்பு வட்டாரத்தில் இருபது ஆண்டுகளில் 4,000-க்கு மேற்பட்ட மரணங்களும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட வேலைநாள் இழப்பும் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்த அனுபவத்தை வாட்சன் 1953-ல் நூலாக வெளியிட்டார். 1955-ல் காலமானார்.

2001-ல் கேலப், சாக்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1965 முதல் 1990 வரையிலான கணக்குகளைப் பார்த்தார்கள். மலேரியா மிகுந்த நாடுகளில் தனிநபர் வருமான வளர்ச்சி, மற்ற நாடுகளைவிட ஆண்டுக்கு 1.3 விழுக்காட்டுப் புள்ளி குறைவு என்று கண்டார்கள். கேட்கச் சிறியதாக இருக்கும். 25 ஆண்டு கூட்டு வட்டி போட்டுப் பாருங்கள். ஏழ்மையால் மலேரியாவா, மலேரியாவால் ஏழ்மையா என்ற சந்தேகம் அந்த ஆய்வோடும் வரத்தான் செய்கிறது. கிள்ளானின் சிறிய கணக்கு எனக்கு அதைவிட நம்பிக்கை தருகிறது என்று கட்டுரையில் எழுதினேன். விரிவுரையாளர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். ஆனாலும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

வாட்சனை நான் தெய்வமாக்கவில்லை. ஒரு தொழிலாளி இறந்தால் இன்னொருவரைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவர எவ்வளவு செலவு, அதைவிடக் கால்வாய் மலிவு என்ற கணக்குதான் தோட்ட முதலாளிகளின் காதில் ஏறியது. உயிருக்கு அந்த விலை வைத்துப் பேசினால்தான் உயிர் தப்பும் என்ற காலம். அவருடைய சம்பளமும் அந்தத் தோட்டங்களில் இருந்துதான் வந்தது. அவர் காட்டிய இடத்தில் மண்வெட்டி பிடித்தவர்களின் பெயரும் எந்த நூலிலும் இல்லை. ஆனால் அவர் தொட்டுப் பார்த்து எண்ணிய பிள்ளைகளில் ஒருவர் பிழைத்து வளர்ந்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேனோ என்னவோ. அந்த நினைப்பு வந்தால் முழுதாகக் கோபப்படவும் முடிவதில்லை.

2018 முதல் நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் நோலெசி வகை மட்டும் காட்டோரங்களில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்களுக்குத் தெரிந்த கொசுக்காய்ச்சல் டிங்கிதான். அதைப் பரப்பும் ஏடிஸ் சதுப்பைத் தேடாது. பூச்சட்டித் தட்டில் தேங்கிய நீர் போதும். அதனால் வாட்சன் வெட்டிய கால்வாய் எதுவும் அதற்கு உதவாது. கொசு மாறினால் வைத்தியமும் மாற வேண்டும் என்பதை அவரே மலைத்தோட்டத்தில் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

கட்டுரையை ஒப்படைத்த வாரம் தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு வாட்சனைத் தெரியாது. கொசு எண்ணெயைத் தெரிந்திருந்தது. அவருடைய அப்பா தோட்டத்தில் அந்த வேலைதான் செய்தாராம். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, வாரம் ஒரு முறை எல்லா அல்லூர்களிலும் எண்ணெய் தெளித்துவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழையும் முன்பே கிணற்றடியில் சட்டையைக் கழற்றிப் போடச் சொல்வாராம் பாட்டி. அவர் சாப்பிட்ட சோற்றில்கூட மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் என்று சொல்லிச் சிரித்தார் தாத்தா. மலையோரத்தில் ஓர் இடத்தில் மட்டும் எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லையாம். அங்கே ஓடை மண்ணுக்கு அடியில் ஓடும், காதை வைத்தால் சத்தம் கேட்கும் என்றார். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் குப்புறப் படுத்துக் கேட்பார்களாம். இப்போது அந்த இடத்தில் ஒரு தாமான் இருக்கிறது.